ஒரு பவுண்டு வழக்கு

1984 ஏப்ரல் 17, காலை பத்து மணி கடந்த நேரம். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் லிபியத் தூதரகத்துக்கு எதிரே, அந்நாட்டு ஆட்சியாளர் கடாஃபிக்கு எதிரான கோஷங்கள் எழுந்தன. திரிபோலி பல்கலைக்கழக வளாகத்திலேயே இரண்டு மாணவர்களைப் பகிரங்கமாகத் தூக்கில் போட்டிருந்தார்கள். அந்தக் கொதிப்புதான் இது. கடாஃபி ஆதரவாளர்களும் பதிலுக்குத் திரண்டிருந்தார்கள். இரு தரப்பும் மோதிக்கொள்ளாமல் காக்க நின்ற காவலர்களில் ஒருவர், 25 வயது இவோன் ஃபிளெட்சர்.

உயரம் 5 அடி 2½ அங்குலம். விதிப்படி போதாத உயரம் என்றாலும், 1977-ல் லண்டன் பெருநகரக் காவல்துறை அவரைச் சேர்த்துக்கொண்டது. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மாப்பிள்ளையும் காவலர்தான். அன்று அவருக்கும் அதே சதுக்கத்தில் பணி.

ஃபிளெட்சர் கூட்டத்தைப் பார்த்து நின்றார். தூதரகம் அவர் முதுகுப்பக்கம். அதன் ஜன்னலிலிருந்து தானியங்கித் துப்பாக்கி வெடித்தது. போராட்டக்காரர்களில் 11 பேர் காயமடைந்தார்கள். முதுகில் குண்டு பாய்ந்து ஃபிளெட்சர் சாய்ந்தார். அவரைத் தாங்கிப் பிடித்த சக காவலர் ஜான் முர்ரே ஆம்புலன்ஸிலும் உடன் சென்றார். இதைச் செய்தவர்களைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று அப்போதே அவருக்கு வாக்குக் கொடுத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் ஃபிளெட்சரின் உயிர் பிரிந்தது.

தூதரகத்தைப் போலீஸ் சுற்றி வளைத்தது. உள்ளே நுழைய முடியவில்லை. 1961-ம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி அந்தக் கட்டடத்தைத் தொடக்கூடாது. திரிபோலியில் இருந்த பிரிட்டிஷ் தூதரக ஊழியர்களின் உயிரையும் லண்டன் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. முற்றுகை நாட்களில் ஃபிளெட்சரின் தொப்பி சதுக்கத்துத் தரையிலேயே கிடந்தது; அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வெளியானது. ஏப்ரல் 27 அன்று தூதரகத்தில் இருந்தவர்கள் வெளியே வந்து விமானம் ஏறினார்கள். அவர்களின் தூதரகப் பைகளைச் சோதிக்கவும் சட்டம் இடம் தரவில்லை. அதே நாளில்தான் சாலிஸ்பரி பேராலயத்தில் ஃபிளெட்சரின் இறுதிச்சடங்கு நடந்தது. இந்த இரண்டும் ஒரே தேதியில் நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

போரில் மாண்டவர்களுக்குத் தூண் எழுப்பும் நாடு, தெருவில் மாண்ட காவலருக்கு ஒரு கல்லாவது வைக்கக்கூடாதா என்று கேட்டவர் திரைப்பட இயக்குநர் மைக்கேல் வின்னர். அதற்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1985 பிப்ரவரி 1 அன்று, ஃபிளெட்சர் விழுந்த இடத்தில் முதல் நினைவுக்கல்லைப் பிரதமர் மார்கரெட் தாட்சர் திறந்துவைத்தார். பணியில் உயிர்விட்ட வேறு பல காவலர்களுக்கும் அவரவர் வீழ்ந்த இடங்களில் பின்னர் கற்கள் நடப்பட்டன.

1999-ல் லிபியா பொறுப்பை ஏற்று, ஃபிளெட்சரின் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்தது. பிரிட்டனுடன் தூதரக உறவும் மறுபடி மலர்ந்தது. அரசுகளுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். முர்ரேவுக்குப் போதவில்லை. சந்தேகிக்கப்பட்ட சாலே இப்ராஹிம் மப்ரூக் மீதான குற்ற வழக்கு 2017-ல் கைவிடப்பட்டது. தேசப் பாதுகாப்பு காரணமாகச் சில ஆதாரங்களை நீதிமன்றத்தில் வைக்க முடியாது என்றார்கள். முர்ரே சிவில் வழக்குப் போட்டார். கேட்ட நஷ்டஈடு ஒரே ஒரு பவுண்டு. சுட்டவர் மப்ரூக் இல்லை என்றாலும், துப்பாக்கிச் சூட்டுக்கான சதியில் பங்கிருந்ததால் ஃபிளெட்சரின் மரணத்துக்கு அவரும் கூட்டுப் பொறுப்பு என்று 2021 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குக் கொடுத்து அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.