மீட்கத்தக்க இடம் (எஸ்கியூலைட்)

எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் மீட்கத்தக்க இடம் என்பது, கோப்பைச் சுருக்கினால் வட்டில் திரும்பக் கிடைக்கும் இடத்தின் அளவு ஆகும். 2000 ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் வெளியிட்ட எஸ்கியூலைட், தரவுகளைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து ஒரே கோப்பில் சேமிக்கிறது. பதிவுகள் அழிக்கப்பட்டு முழுவதும் காலியாகும் பக்கங்கள் வெற்றுப்பக்கப் பட்டியலில் சேரும். இயல்பான அமைப்பில் கோப்பின் அளவு குறைவதில்லை.

இப்பட்டியலிலுள்ள பக்கங்களின் எண்ணிக்கையை 'பிராக்மா ஃபிரீலிஸ்ட்_கவுன்ட்' கட்டளையும், ஒரு பக்கத்தின் அளவை 'பிராக்மா பேஜ்_சைஸ்' கட்டளையும் தரும். இவ்விரண்டின் பெருக்கற்பலனே மதிப்பீடு ஆகும். எடுத்துக்காட்டாக, 4,096 பைட்டு அளவுள்ள 25,600 பக்கங்கள் காலியாக இருப்பின், ஏறத்தாழ 100 மெகாபைட்டு மீளும். பகுதியளவே நிரம்பிய பக்கங்களில் சிதறிக் கிடக்கும் இடம் இக்கணக்கில் வராது. 'வேக்யூம்' கட்டளை அப்பக்கங்களையும் நெருக்கி அடுக்குவதால், பெரும்பாலும் மதிப்பீட்டை விடக் கூடுதலாகவே கிடைக்கும்.

வேக்யூம் தரவுத்தளம் முழுவதையும் தற்காலிகக் கோப்பொன்றில் புதிதாக எழுதிய பின்னரே மூலக்கோப்பில் படியெடுக்கிறது. ஆகவே, மூலக்கோப்பைப் போல் இருமடங்கு வரை வெற்றிடம் தேவைப்படலாம். வட்டு நிரம்பிய பிறகு சுருக்க முனைவோர் சிக்கிக்கொள்வது இங்குதான். மேலும், காலிப் பக்கங்களைப் புதிய பதிவுகள் மீண்டும் பயன்படுத்திக் கொள்ளும் என்பதால், தொடர்ந்து வளரும் தரவுத்தளத்தைச் சுருக்குவதால் பயன் சிறிதே.