பக்கிங்காம் கால்வாய்: படகு இழுத்தவர்களின் கரைப்பாதை

கடலூருக்கு வடக்கே மரக்காணத்தில் தொடங்கி, சென்னை வழியாக ஆந்திரக் கடற்கரை வரை நீள்வது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகரின் முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி முதல் பகுதி வெட்டப்பட்டது. பின்னர் அது படிப்படியாக நீட்டிக்கப்பட்டது.

1877–78-இல், பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. நீளப் பகுதி தோண்டப்பட்டது. பசியால் வாடியவர்களே கூலிக்காக மண் சுமந்தனர். கால்வாய்க்கோ அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது.

விறகு, உப்பு ஏற்றிய படகுகள் இதில் சென்றன. காற்று துணை செய்யாதபோது ஆட்கள் கரையில் நடந்து, கயிறு கட்டிப் படகை இழுத்தனர். அவர்களின் கடும் உழைப்பைப் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ கவிதையில் பாடியுள்ளார். கால்வாய்க் கரை அன்று அவர்களுக்குப் பிழைப்புக்கான பாதையாக இருந்தது.