நிதி ஆலோசனைக்கான முன்னேற்பாடு (இந்தியா)

கட்டணம் பெறும் ஆலோசகரைச் சந்திக்கும் முன், ஒரு குடும்பம் தன் வரவு, செலவு, சொத்து, கடன் விவரங்களைத் திரட்டி வைத்துக்கொள்வது. இந்தியாவில் முதலீட்டு ஆலோசனைத் தொழில், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் ஒழுங்குமுறைகளின் கீழ் வருகிறது. பதிவு பெற்ற ஆலோசகரின் எண் ‘ஐஎன்ஏ’ என்று தொடங்கும். செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். ‘ஏஆர்என்’ எண் கொண்டவர் மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர். ஃபண்டு நிறுவனம் தரும் கமிஷனே அவர் வருமானம். இருவரையும் ஒருவரெனக் குழப்பிக்கொள்வது சகஜம்.

சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றை எடுத்துவைப்பது எளிது. ஃபண்டுகளும் டீமேட் பங்குகளும் பான் எண் வழியாக ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் சேர்ந்தே கிடைக்கும். விட்டுப்போவது வேறு: பீரோவில் மடித்து வைத்த நகைக்கடன் ரசீது, மாதாந்திரச் சீட்டுத் தவணை, மைத்துனருக்குக் கொடுத்த கைமாற்று. இவற்றைச் சொல்லக் கூச்சப்பட்டால் திட்டம் முதல் மாதமே இடறும். எண்டோமென்ட் பாலிசியில் பத்திரத்தில் அச்சிட்ட காப்பீட்டுத் தொகை மட்டும் போதாது. இன்றைய தேதிக்குச் சரண்டர் மதிப்பு (பாலிசியை இடையில் முடித்தால் கைக்கு வரும் தொகை) எவ்வளவு என்று கிளையில் கேட்டு எழுதி வர வேண்டும். தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்வி அந்த எண்ணில்தான் நிற்கிறது. செலவுகளை அறிய மூன்று மாத வங்கி அறிக்கை, மனக்கணக்கைவிட நம்பகமானது.

இடர் தாங்கும் திறனை மதிப்பிடுவது ஆலோசகரின் கட்டாயக் கடமை. அவருக்குச் சேர வேண்டியது கட்டணம் மட்டுமே; முதலீட்டுப் பணத்தை அவரது கணக்கில் செலுத்தக் கூடாது.