கொற்கைக்கு ஒரு பஸ் டிக்கெட்

இந்த எபிசோடு முழுக்க ஒரு நாள் பஸ் பயணம். காலைல தூத்துக்குடியில் திருச்செந்தூர் பஸ் ஏறினேன். பிளான் சிம்பிள்: முதலில் உப்பளம், அப்புறம் கொற்கை, இருட்டுறதுக்குள்ள ரிட்டர்ன்.

முத்தையாபுரம் தாண்டினதும் ரோட்டோரம் பாத்தி பாத்தியா உப்பளம். முள்ளக்காட்டில் இறங்கிட்டேன். இங்கே நிறைய அளங்களில் போர் போட்டு நிலத்தடி உப்புத்தண்ணியை எடுக்கிறாங்க. அதைப் பாத்தி மாத்தி மாத்தி வெயிலில் வத்த விடணும். அடர்த்தி சுமார் 25 டிகிரி போமே வந்ததும் உப்பு படியும். ரொம்ப வத்திட்டா மெக்னீசியம் சேர்ந்து கசக்கும்.

உப்பு வாரிக்கிட்டிருந்த ஒரு அக்காகிட்ட, "எப்போ லீவு?"ன்னு கேட்டேன். "மழை பெஞ்சா லீவுதான் தம்பி. அப்போ சம்பளத்துக்கும் லீவு"ன்னு சிரிச்சாங்க. வடகிழக்குப் பருவமழை வந்தால் அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காகத்தான் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருது.

அடுத்த பஸ் பழையகாயல் வழியா போச்சு. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ எழுதின 'காயில்' துறைமுகம் இதுதான்னு கால்டுவெல் சொன்னார். முக்காணியில் இறங்கி ஏரல் பக்கம் போனால் கொற்கை.

பாண்டியரின் முத்துத் துறைமுகம்னு படிச்சிட்டு வந்தா, கண்ணு முன்னாடி ஒரு குளம், வயல், வாழை. கடல் சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கு! தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிக்கிட்டே போச்சு. கடல் நகர நகர துறைமுகமும் கொற்கையிலிருந்து காயலுக்கு, அப்புறம் தூத்துக்குடிக்குன்னு இடம் மாறிச்சு. 1968-69 அகழாய்வில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785ன்னு கணிச்சாங்க. சங்கு அறுத்த தடயங்களும் இந்த ஊர் மண்ணில் கிடைச்சிருக்கு.

குளத்தங்கரையில் உட்கார்ந்தப்போ ஒரு வரி ஞாபகம் வந்துச்சு. கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்க நூலான 'பெரிப்ளூஸ்', இந்தக் கரையில் முத்துக் குளிக்கிறவங்க தண்டனைக் கைதிகள்னு சொல்லுது. பாண்டியன் பேர் இருக்கு, ஊர் பேர் இருக்கு. கடலுக்குள்ள இறங்கினவங்க ஒருத்தர் பேரும் இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் பரதவர்கள் கல்லைக் கட்டிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு எடுத்த சிப்பியில் மூணில் ரெண்டு பங்கு அரசுக்குப் போச்சு. 1961க்கு அப்புறம் இங்கே பெரிய முத்துக்குளிப்பே நடக்கலை.

சங்குத் துண்டை ரெண்டாயிரம் வருஷம் கழிச்சும் தோண்டி எடுக்கலாம். உப்பு அப்படி இல்லை, ஒரு மழையில் கரைஞ்சிடும். நாளைக்கு யாராவது முள்ளக்காட்டைத் தோண்டினால், அந்த அக்கா அங்கே வேலை பார்த்ததுக்கு ஒரு தடயமும் கிடைக்காது. அதனால அவங்க கூலி, அவங்க மழைக்காலம், வெயிலில் கூசுற அவங்க கண்ணு, இதையெல்லாம் இப்பவே கேட்டு எழுதி வைக்கணும்.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் அதே அளங்கள். அம்பாரம் மேல ஓலை போட ஆரம்பிச்சிருந்தாங்க. மழை வரப்போகுது.

உங்க வீட்டில் அளத்து வேலையோ, கடல் வேலையோ பார்த்தவங்க இருந்தா, இன்னைக்கே போனில் ரெக்கார்ட் பண்ணுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.