புழல் நீர் நடந்த வழி

ஆவடியிலிருந்து செங்குன்றம் செல்லும் சாலையில் வெள்ளானூர் என்றோர் ஊர் உண்டு. அதற்குக் கிழக்கே புழல் ஏரி விரிந்து கிடக்கிறது. ஒன்றரை நூற்றாண்டாகச் சென்னை மாநகரம் அந்த ஏரியின் நீரைப் பருகியே வளர்ந்து வந்திருக்கிறது. அத்தகைய ஏரி 2019ஆம் ஆண்டுக் கோடையில் வெடித்த களிமண்ணாகக் காட்சி தந்தது. புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஆகிய நான்கிலும் சேர்த்துக் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு நீர்கூட இல்லை. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு ஒரு புகைவண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஏரிகள் சூழ்ந்த ஒரு நகரம் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நீரை வண்டியேற்றிக் கொணரும் நிலை எவ்வாறு வந்தது? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயருக்கு 1772இல் ஏழு கிணற்றிலிருந்து நீர் வழங்கப்பட்டது. கோட்டைக்கு வெளியே இருந்த மக்கள் தத்தம் வீட்டுக் கிணற்றையும் ஊர்க் குளத்தையுமே நம்பியிருந்தனர். அக்காலத்தில் நீர் கிடைத்த இடத்துக்கும் குடித்த வாய்க்கும் இடையே இருந்த தொலைவு மிகச் சிறிது.

மக்கள் தொகை பெருகவே, பொறியாளர் ஃபிரேசர் வகுத்த திட்டம் 1872இல் செயலுக்கு வந்தது. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றைத் தடுத்துச் சோழவரத்துக்குத் திருப்பினர். அங்கிருந்து புழலுக்கும், புழலிலிருந்து திறந்த வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கத்துக்கும் நீர் வந்தது. இத்திட்டத்தின் சிறப்பு யாதெனில், ஆற்றிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை நீரைத் தள்ள எந்த எந்திரமும் தேவைப்படவில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் தன் இயல்பினாலேயே நீர் நகருக்கு நடந்து வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையமும் நீரேற்றும் எந்திரங்களும் அமைந்தன. நீர் தூய்மையாயிற்று, அதோடு எரிபொருளின் துணையும் இன்றியமையாததாயிற்று.

அடுத்து, நகரத் தந்தையாக விளங்கிய சத்தியமூர்த்தியின் முயற்சியால் தொடங்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் நிறைவுற்றது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. அவர் பெயரை மட்டும் அது தாங்கி நிற்கிறது.

ஏரிகள் போதாமற்போனபோது நகரத்தின் பார்வை மண்ணுக்கு அடியே சென்றது. வெள்ளானூருக்கு வடமேற்கே தாமரைப்பாக்கத்திலும், வடக்கே பஞ்செட்டி, மீஞ்சூர்ப் பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. ஆற்றுப்படுகை பல்லாண்டு சேமித்து வைத்த நீர் சில ஆண்டுகளில் உறிஞ்சப்பட்டது. இனிய நீர் வெளியேறிய இடத்தைக் கடல்நீர் நிரப்பியது. மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் உவர்ப்பாயின. நிலத்தடி நீரை எடுப்பதையும் ஏற்றிச் செல்வதையும் முறைப்படுத்த 1987இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. எனினும் பின்னாளில் வறட்சி நேர்ந்தபோதெல்லாம் திருவள்ளூர் மாவட்டத்து உழவர்களின் கிணற்று நீர் விலைக்கு வாங்கப்பட்டது. நகரத்தின் தாகம் தணிந்தது உண்மை. பயிருக்குப் பாயவேண்டிய நீரே அவ்வாறு குழாயில் ஏறிற்று என்பதும் உண்மை.

1983இல் ஆந்திரத்துடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி 1996இல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது. கண்டலேறு முதல் பூண்டி வரை கால்வாயின் நீளம் மட்டும் 177 கிலோமீட்டர். 2004இல் வீராணத்து நீர் 235 கிலோமீட்டர் குழாயில் வந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் ஆற்றலுடன் இயங்கத் தொடங்கின.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீரைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. அம்மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துப் பெறப்படுவது. அதே கடலோரத்தில் மழையாகப் பெய்யும் நீரை நன்னீராக்கும் வேலையைக் கதிரவனின் வெப்பம் கூலியின்றிச் செய்து முடித்துவிடுகிறது. இலவசமாக வருவதை வடிகாலில் விட்டுவிட்டு, அது கலந்த கடலிலிருந்து கரியை எரித்து மீட்டெடுக்கிறோம். வறட்சிக் காலத்தில் ஆலைகள் உயிர் காத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை கடைசிக் கைப்பொருளாக இருக்க வேண்டுமேயன்றி, முதல் வருவாயாக எண்ணப்படலாகாது.

சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியின் மீது ஓராண்டில் விழும் நீர் சுமார் 1,30,000 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் எனக் கொண்டால் அது மூவரின் ஓராண்டுத் தேவைக்குச் சற்று மிகுதியாகும். மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டதன் அடிப்படை இக்கணக்கே. அன்று அமைத்த குழிகள் பலவற்றில் இன்று மணலும் குப்பையும் அடைத்துக் கிடக்கின்றன. ஐப்பசிக்கு முன் ஒரு நாள் உழைத்தால் அவை மீண்டும் பயன் தரும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் கழிவுநீரைத் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்கள். கடல்நீரைவிட அதில் உப்பு குறைவாதலால் மின்செலவும் குறைவு.

நம் பங்கு என்ன? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. இரு கைகள் சேர்ந்து ஏந்தும் அவ்வளவு, முக்கால் லிட்டரை ஒட்டியது. குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்யும் நாம் எத்தனை ‘முத்’ செலவழிக்கிறோம் என்று ஒரு நாள் பாத்திரம் வைத்து அளந்து பார்க்கலாம். பள்ளிவாசல்களில் ஒளுச் செய்து வடியும் நீரைச் சாக்கடைக்கு அனுப்பாமல் தென்னைக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்பிவிடுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

2019இன் கோடைக்குப் பின் மழை பெய்தது. புழல் மீண்டும் நிறைந்தது. ஏரி நிறைந்ததும் அந்தப் புகைவண்டியை மறப்பது எளிது. மறவாதிருந்தால், அடுத்த வறட்சியில் வெள்ளானூரைப் போன்ற ஊர்களின் கிணறுகளை நாடி நகரம் குடத்துடன் வந்து நிற்க நேராது.