செயலிப் பிரிப்பு முறை

பாய்ந்துகொண்டே இரசாயனத் தாக்கத்துக்கும் உள்ளாகும் வாயுவையோ திரவத்தையோ கணினியில் கணிக்கையில், பாய்ச்சலையும் பரவலையும் ஒரு படியாகவும் தாக்கத்தை வேறொரு படியாகவும் மாறிமாறித் தீர்க்கும் உத்தி. சுவாலை, வெடிப்பலை, நகரப் புகைமூட்டம் ஆகியவற்றின் கணிப்பில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது.

இதன் தேவையை உணர இயற்கை வாயு எரிவதைக் கணிப்பதே போதும். அதை விவரிக்கும் ‘ஜி.ஆர்.ஐ.-மெக் 3.0’ பொறிமுறையில் 53 இரசாயன இனங்களும் 325 தாக்கங்களும் உள்ளன. பத்து இலட்சம் கட்டங்களுள்ள வலையில் எல்லாவற்றையும் ஒருசேரத் தீர்க்கப் புகுந்தால், ஐந்து கோடிக்கு மேற்பட்ட கணியங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். பிரித்துவிட்டால், தாக்கப் படியில் ஒரு கட்டத்துக்கு அயல் கட்டத்தைப் பற்றிய கவலையே இல்லை. ஒவ்வொன்றும் ஐம்பத்துச் சொச்சம் கணியங்களுள்ள தனிக்கணக்கு. பல கணினிகளுக்குப் பகிர்ந்தும் கொடுக்கலாம்.

ஆனால் முறை பிறந்தது இரசாயனத்துக்காக அல்ல. ஹூஸ்டனில் எண்ணெய் நிறுவனமொன்றில் பணியாற்றிய பீஸ்மன், ராக்ஃபோர்ட் இருவரும் 1955இல் சமன்பாட்டைத் திசைவாரியாகப் பிரித்தனர். சோவியத் நாட்டில் யானென்கோ இவ்வழியை விரிவாக்கி 1967இல் நூலாக்கினார். மறுபுறம், கர்ட்டிஸும் ஹிர்ஷ்ஃபெல்டரும் 1952இலேயே இரசாயனச் சமன்பாடுகளின் ‘விறைப்பை’ இனங்கண்டிருந்தனர்: சில தாக்கங்கள் மைக்குரோ செக்கனுக்குள் முடிந்துவிடும், பாய்ச்சலோ ஆறுதலாக நகரும். விறைப்பான சமன்பாடுகளுக்கான கியரின் முறைகள் 1970களில் பரவியபின்தான் தாக்கப் படியை நம்பி ஒப்படைக்க முடிந்தது. 1982இல் மக்ரே, குடின், சைன்ஃபெல்ட் மூவரும் வளிமண்டல மாசுக் கணிப்புக்கு இம்முறையைக் கையாண்டனர். ஓரான், போரிஸ் இருவரின் 1987ஆம் ஆண்டு நூல் அதைத் தகனத் துறையினரின் அன்றாடக் கருவியாக்கியது.

பிரிப்புக்கு ஒரு விலை உண்டு. முதலில் பாய்ச்சல், பிறகு தாக்கம் என்று கணித்தால் வரும் விடையும், வரிசையை மாற்றினால் வரும் விடையும் பொதுவாக ஒன்றல்ல. அந்த வேறுபாடே பிழையின் ஊற்று. 1968இல் கில்பேர்ட் ஸ்ட்ராங், பாதிப் படி பாய்ச்சல், முழுப் படி தாக்கம், மீண்டும் பாதிப் படி பாய்ச்சல் என்று சமச்சீராக அமைத்து, பிழையை நேரப்படியின் வர்க்கத்துக்கு இறக்கினார். மார்ச்சுக் என்பவரும் அதே காலத்தில் இதை அடைந்தார். அடுத்தடுத்த பாதிப் படிகளை இணைத்துவிடலாம் என்பதால் செலவு ஏறக்குறைய கூடுவதேயில்லை. இத்துறையில் இவ்வளவு மலிவாகக் கிடைத்த முன்னேற்றம் வேறில்லை எனலாம்.

அந்த மலிவே பின்னர் அளவுமீறிய நம்பிக்கையையும் வளர்த்தது. கொலெல்லா, மஜ்டா, ரோய்ட்பர்ட் ஆகியோர் 1986இலும், லெவெக்கும் யீயும் 1990இலும் காட்டியது சங்கடமான உண்மை: வலை போதிய நுண்மையின்றி இருந்தால், வெடிப்பலை உண்மைக்குப் புறம்பான வேகத்தில், சில வேளை நேரப்படிக்கு ஒரு கட்டம் வீதம், ஓடும். பாய்ச்சல் கணிப்பு அலைமுகத்தை மழுங்கடிக்க, அந்தப் போலி இடைவெப்பநிலையைக் கண்டு தாக்கப் படி வாயுவை உடனே எரித்துவிடுகிறது. விடை பார்வைக்கு அழகாகவே இருக்கும், ஆபத்து அதில்தான். விறைப்பான நிலையில் ஸ்ட்ராங் தந்த இரண்டாம் வரிசைத் துல்லியமும் குறையக்கூடும் என்றும், விறைப்பான செயலியை, அதாவது தாக்கப் படியை, இறுதியில் வைப்பது நன்று என்றும் ஸ்போர்ட்டிஸ் 2000இல் விளக்கினார்.

நிலையான சுவாலையில் இன்னொரு குறை உண்டு. அங்கே பரவலும் தாக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. தனித்தனியே கணித்தால் இரண்டும் சமநிலையைவிட்டு எதிரெதிராக வெகுதூரம் விலகி, முற்றாகத் திரும்பாமல் போகலாம். ஸ்பெத், கிரீன், மக்நமாரா ஆகியோருடன் ஸ்ட்ராங்கே சேர்ந்து 2013இல் முன்வைத்த ‘சமப்படுத்திய பிரிப்பு’, ஒரே மாறிலியை ஒரு படியில் கூட்டி மற்றதில் கழித்து இவ்விலகலைத் தடுக்கிறது.