ஆடு புலி ஆட்டம்: சமமற்ற போர்விதியின் வரலாறு

ஆடு புலி ஆட்டம் தமிழகத்திலும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளிலும் ஆடப்பட்டு வரும் நாட்டுப்புற விளையாட்டு. தரையில் கோடு கிழித்து இருவர் ஆடுவது. ஒருவரிடம் 3 புலிகள், மற்றவரிடம் 15 ஆடுகள் இருக்கும். புலி ஆட்டை வெட்டலாம். ஆடு புலியை வெட்ட முடியாது. புலிகள் நகர இடமில்லாதபடி சூழ்ந்து அடைத்தால் ஆடுகள் வெல்லும்.

சதுரங்கத்தில் இரு தரப்புக்கும் ஒரே படை, ஒரே விதி. தாயத்தில் இருவருக்கும் ஒரே தாயக்கட்டை. ஆடு புலி ஆட்டத்தில் காய்களின் எண்ணிக்கை, வலிமை, வெற்றிக்கான இலக்கு ஆகிய மூன்றுமே தரப்புக்குத் தரப்பு மாறுகின்றன. இப்படிப்பட்ட விதி நியாயமான ஆட்டத்தைத் தருமா, கணினி விளையாட்டுகளில் பழகிய இன்றைய மாணவருக்கும் அது சுவைக்குமா என்ற கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

கரிசல் நிலப் பின்னணி

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறு செல்லும் வழியில் உள்ள சிற்றூர் இடைசெவல். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ஆகிய இரு எழுத்தாளர்களும் 1923-ஆம் ஆண்டில் இவ்வூரில் பிறந்தவர்கள். இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள்.

இடைசெவலைச் சுற்றியுள்ளது வானம் பார்த்த கரிசல் பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து முதலியவை விதைக்கப்படும். அறுவடை முடிந்தபின் கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும். அப்போது வெற்று நிலங்களில் ஆடுகளை இரவில் அடைத்துவைப்பர். இதற்குக் கிடை போடுதல் என்று பெயர். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு உரமாகும். கி. ராஜநாராயணனின் 'கிடை' என்னும் குறுநாவல் இந்த வாழ்க்கையைக் களமாகக் கொண்டது. அம்ஷன் குமார் இயக்கத்தில் 2003-ல் வந்த 'ஒருத்தி' திரைப்படம் அக்கதையைத் தழுவியது.

இத்தகைய ஊர்களில் வேலையில்லாத கோடைப் பகல் நீண்டது. வேப்பமர நிழலும் கோயில் மண்டபமும் சாவடித் திண்ணையும் ஆட்டக்களங்களாயின. ஆட்டத்துக்குச் செலவு கிடையாது. கரித்துண்டால் கோடு கிழித்து, புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் கூழாங்கற்களை அல்லது ஓட்டாஞ்சில்லுகளைப் புலிகளாகவும் வைத்துக்கொள்ளலாம்.

கரிசல் காட்டில் புலி கிடையாது. கிடைக்காவல் இருப்பவர் இரவில் கண்விழித்திருப்பது நரிக்கும் நாய்க்கும் திருட்டுக்கும் அஞ்சித்தான். ஆனாலும் ஆட்டத்தின் உட்கருத்து அவருக்குப் புதிதன்று. சிதறிய ஆடு பலியாகும், சேர்ந்து நிற்கும் ஆடு பிழைக்கும் என்பது அவர் அன்றாடம் காண்பது.

களமும் காய்களும்

பரவலாக ஆடப்படும் களம் 23 புள்ளிகள் கொண்டது. உச்சியில் ஒரு புள்ளி இருக்கும். அதிலிருந்து 4 கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டைத் தொடும். இடையில் 3 படுக்கைக் கோடுகள் அந்த நான்கையும் வெட்டிச் செல்லும். அவற்றின் முனைகளை இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரு பக்கக் கோடுகள் இணைக்கும். ஒவ்வொரு படுக்கைக் கோட்டிலும் 6 புள்ளிகள், அடிக்கோட்டில் 4 புள்ளிகள். உச்சியையும் சேர்த்தால் 1 + 18 + 4 = 23.

பொதுவாக ஒரு புலியை உச்சியிலும் மற்ற இரண்டை அதற்கு அடுத்த கோட்டின் நடுப்புள்ளிகளிலும் வைத்து ஆட்டத்தைத் தொடங்குவர். ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டைக் காலிப் புள்ளியில் வைப்பார். 15 ஆடுகளையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக்கூடாது. புலிகளோ தொடக்கம் முதலே நகரலாம். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே நேர்க்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து அதை வெட்டும். எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறுபடும்.

பிற நாடுகளில் இதன் உறவுகள்

தெலுங்கில் இவ்விளையாட்டைப் புலி ஜூதம் என்பர். கரிசல் பகுதி தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் நிலம். தெலுங்கு பேசும் மக்கள் இங்கு வந்து குடியேறிய கதையைக் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' சொல்கிறது.

நேபாளத்தின் பாக் சால் 25 புள்ளிகள் கொண்ட சதுரக் களத்தில் 4 புலிகளையும் 20 ஆடுகளையும் வைத்து ஆடப்படுவது. ஐரோப்பாவில் ஒரு நரியும் பல வாத்துகளும் மோதும் ஆட்டம் உண்டு. காஸ்டில் நாட்டு மன்னர் பத்தாம் அல்போன்சோ 1283-ல் தொகுப்பித்த விளையாட்டு நூலில், ஒரு முயலைப் பல காய்கள் சூழ்ந்து பிடிக்கும் ஆட்டம் இடம்பெற்றுள்ளது. விளையாட்டு வரலாற்றாசிரியர் எச். ஜே. ஆர். மர்ரே 1952-ல் வெளியிட்ட நூலில், இத்தகைய ஆட்டங்களை வேட்டை ஆட்டங்கள் என்று தனி வகையாகப் பிரித்தார். போர் ஆட்டங்களில் சமமான இரு படைகள் மோதும். வேட்டை ஆட்டங்களில் வலிமை ஒரு பக்கமும் எண்ணிக்கை மறுபக்கமும் நிற்கும்.

விதி நியாயமானதா?

முதல் பார்வைக்கு ஆட்டுக்காரர் ஏமாற்றப்பட்டவர் போலத் தோன்றுவார். களத்தை எண்ணிப் பார்த்தால் வேறு ஒன்று புலப்படும்.

ஓர் ஆட்டை வெட்டப் புலிக்கு நேர்க்கோட்டில் மறுபுறம் ஓர் இடம் வேண்டும். கோடுகள் எல்லாம் முடிந்துவிடும் மூலைப் புள்ளிகளில் அந்த இடம் இல்லை. உச்சி, மேல் படுக்கைக் கோட்டின் இரு முனைகள், கீழ்ப் படுக்கைக் கோட்டின் இரு முனைகள், அடிக்கோட்டின் இரு முனைகள் என அத்தகைய புள்ளிகள் 7. அங்கே வைத்த ஆட்டை எந்தப் புலியும் வெட்ட முடியாது. தேர்ந்த ஆட்டுக்காரர் முதலில் இந்த மூலைகளைப் பிடிப்பது இதனால்தான். மற்ற 16 புள்ளிகளில் ஓர் ஆட்டுக்குப் பாதுகாப்பு, அதன் பின்னால் நிற்கும் இன்னொரு காய்.

மூலைகள் புலிக்கு எதிரானவை. மேல் படுக்கைக் கோட்டின் முனையில் ஒதுங்கிய ஒரு புலியை அடைக்க, பக்கத்தில் 2 காய்களும் அவற்றின் பின்னால் 2 காய்களுமாக 4 போதும். களத்தின் நடுவில் நிற்கும் புலியை அடைக்க 8 வரை தேவைப்படும். 3 புலிகளும் உச்சி தவிர்ந்த வெவ்வேறு மூலைகளில் அகப்பட்டால் 12 ஆடுகள் வேலையை முடித்துவிடும். கையில் உள்ளவை 15. ஆட்டுக்காரர் இழக்கக்கூடிய ஆடுகள் எத்தனை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

புலிகள் ஒன்றையொன்று அடைத்துக்கொள்வதும் உண்டு. ஒரே பக்கக் கோட்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் இரு புலிகள் நின்றால், அவ்விரண்டையும் அடைக்க 5 ஆடுகள் போதும். ஒரு புலி குதித்து இறங்க வேண்டிய இடத்தில் இன்னொரு புலி நிற்பதால் ஆடுகளின் வேலை குறைகிறது. புலிகளை ஒரு பக்கமாக ஒதுக்குவதே ஆட்டுக்காரரின் கலை.

புலிக்கும் ஒரு கணக்கு உண்டு. எல்லா ஆடுகளும் களத்தில் இருக்கும்போது காலியாக இருப்பவை 23 − 18 = 5 புள்ளிகள் மட்டுமே. வெட்டப்படும் ஒவ்வோர் ஆடும் புலிக்கு மூச்சுவிட ஓர் இடத்தைக் கொடுத்துச் செல்கிறது. எனவே ஆடுகளை வைக்கும் கட்டத்திலேயே புலி இரண்டொன்றை வெட்டிவிட வேண்டும். தாமதித்தால் நெருக்கடி புலிக்கே.

இத்தகைய விதியைக் கணினியாலும் சோதித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஆய்வு செய்த லிம் இயூ ஜின், சுவிட்சர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் யுர்க் நீவர்கெல்ட் ஆகியோர் 2000-களில் பாக் சால் ஆட்டத்தை ஆராய்ந்தனர். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் அது வெற்றி தோல்வியின்றி முடியும் என்பது அவ்வாய்வின் முடிவு. களம் வேறு என்பதால் அந்த முடிவை 23 புள்ளி ஆட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் சமமற்ற படைகளாலும் சமநிலையான ஆட்டம் அமையும் என்பதற்கு அது உறுதியான சான்று.

கணினி விளையாட்டுகளில் இதே கேள்வி

வழக்கத்துக்கு மாறான போர்விதி காலத்தைத் தாண்டுமா என்ற கேள்வி கணினி விளையாட்டு உலகிலும் உண்டு. 1987-ல் ஜப்பானின் நிஹான் ஃபால்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஈஸ்' ஓர் ஆக்‌ஷன் ரோல் பிளேயிங் விளையாட்டு. அதில் தாக்குவதற்குப் பொத்தானே இல்லை. நாயகன் எதிரியின் மீது நடந்து மோத வேண்டும். நேருக்கு நேர் மோதினால் அவனுக்கே அடி. சற்று விலகி ஓரமாக மோதினால் எதிரிக்கு அடி. எங்கே நிற்கிறோம் என்பதே அங்கு ஆயுதம்.

1989-ல் வந்த மூன்றாம் பாகம் பொத்தானுக்கு மாறியது. 1995-ல் வந்த ஐந்தாம் பாகத்துக்குப் பின் புதிய பாகங்கள் மோதல் முறைக்குத் திரும்பவில்லை. ஆனால் முதல் இரு பாகங்களை 2009-ல் பிஎஸ்பி கருவிக்கு மறுபடி வெளியிட்டபோது அதே மோதல் முறை காப்பாற்றப்பட்டது. அந்தக் களங்களும் எதிரிகளும் அந்த விதிக்காகவே அமைக்கப்பட்டவை.

1993-ல் ஸ்குவேர் நிறுவனம் வெளியிட்ட 'சீக்ரெட் ஆஃப் மனா' விளையாட்டில் ஒரு முறை வாளை வீசியபின் வலிமை மீண்டும் 100 விழுக்காடு ஆகும்வரை காத்திருக்க வேண்டும். ஓயாமல் வீசுபவரின் அடி வலுவற்றதாகும். அவசரக்காரருக்கு இது எரிச்சல், பொறுமைசாலிக்கு இதுவே உத்தி. 15 ஆடுகளையும் வைக்கும்வரை நகர்த்தக்கூடாது என்ற விதியும் இதே வகைத் தடைதான். தடை இருப்பதால் ஆட்டுக்காரர் கையை நீட்டுமுன் யோசிக்கிறார்.

இவற்றிலிருந்து ஒரு பொது அளவுகோலைப் பெறலாம். ஒரு விதி விசித்திரமானது என்பதால் மட்டும் நிலைப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. களம், காய், இலக்கு மூன்றும் அந்த விதியோடு பொருந்தி அமைந்தால் அது நிலைக்கும். ஆடு புலிக் களத்தின் 7 மூலைகளும் 15 ஆடுகளும் அவ்வாறு பொருந்தியவை. 8 ஆடுகளோடு ஆடினால் புலியை அடைப்பது மிக அரிதாகும். 20 ஆடுகளை இறக்கினால் 3 புலிகளோடு 23 புள்ளிகளும் நிரம்பி, ஆட வேண்டிய தேவையே இருக்காது.

குறைகள்

இவ்விளையாட்டுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. விதிகள் எழுதி வைக்கப்படாததால் ஊருக்கு ஊர் மாறுகின்றன. வெளியூர்க்காரரோடு ஆடும்போது தகராறு எழும். இரு தரப்பும் முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டே இருந்தால் ஆட்டம் முடியாமல் இழுக்கும். புதிதாக ஆடுபவர் ஆட்டுப் பக்கம் அமர்ந்தால் சில நிமிடங்களில் தோற்று மனம் தளர்வார்.

இக்குறைகளுக்கு எளிய தீர்வுகள் உண்டு. தொடங்குமுன் வெற்றிக்கான ஆடுகளின் எண்ணிக்கையை இருவரும் பேசி முடிவு செய்யலாம். ஒரே நிலை திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்கலாம். ஒருமுறை ஆடு, மறுமுறை புலி என்று பக்கம் மாறி ஆடி, வெட்டுப்பட்ட ஆடுகளின் கணக்கை ஒப்பிடலாம். பக்கம் மாறும்போது இருவரும் ஒரே சுமையைச் சுமக்கின்றனர். அப்போது விதியின் சமமின்மை யாருக்கும் அநீதி ஆவதில்லை.

இன்றைய நிலை

1977-ல் எஸ். பி. முத்துராமன் இயக்கத்தில் 'ஆடு புலி ஆட்டம்' என்ற திரைப்படம் வந்தது. அரசியல் செய்திகளில் கட்சிகளின் போட்டியைக் குறிக்க இத்தொடரை இன்றும் எழுதுகிறார்கள். பெரும்பாலும் சமபலம் கொண்ட இருவரின் மோதலுக்கே அது பயன்படுகிறது. பெயர் வாழ்கிறது, விதி மறந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம்.

மண்டபத் தரைகள் சிமென்டும் ஓடும் பதிக்கப்பட்டு மாறிவிட்டன. கோடைப் பகலைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. செயலியாகவும் இவ்விளையாட்டு கிடைக்கிறது. ஆனால் எங்கே குதிக்கலாம் என்பதைத் திரையே காட்டிவிடும்போது, பின்னால் காலி இடம் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் குறைகிறது.

பள்ளியில் இதைக் கற்பிக்க ஒரு சாக்பீஸும் 18 கற்களும் போதும். புள்ளிகளை எண்ணுவது, பாதுகாப்பான மூலைகளைக் கண்டுபிடிப்பது, புலியை அடைக்கத் தேவையான ஆடுகளைக் கணக்கிடுவது ஆகியவை நடுநிலை வகுப்பு மாணவர்களுக்கு ஏற்ற பயிற்சிகள். அதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் உண்டு. புலியாக ஆடும் மாணவன் வலிமை இருந்தும் ஒதுங்கி நின்றால் அடைபடுவதை அறிகிறான். ஆடாக ஆடும் மாணவி திருப்பி அடிக்கும் வழியே இல்லாத நிலையிலும், இடம் பார்த்துச் சேர்ந்து நின்றால் வெல்ல முடியும் என்பதை அறிகிறாள்.